பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே



திருச்சியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையும், சேலத்திலிருந்து விருத்தாசலத்திற்கு வரும் சாலையும் கூடுமிடம் வேப்பூர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். நான்கு திசைக்கும் பஸ் கிடைக்கும் அவ்வூரைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக்குப் போகும் வழி மட்டும் நெடுங்காலம் புலப்படவில்லை.

அமெரிக்காவில், உயர்நிலைப் பள்ளியிற் பயிலும்போதே கல்லூரிப் பாடங்களையும் கற்றுத் தேறத்தக்க பள்ளிகள் சில இருக்கின்றன. வறிய குடும்பத்துப் பிள்ளைகளும் கல்லூரியை எட்டவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். இதைப் பெரும் புதுமை என்று சிலர் வியக்கின்றனர். இளவயதிற் கல்லூரி புகுவது நமக்குப் புதிதன்று. 1978-க்கு முன் நம் மாநிலத்தில் பதினோராண்டுப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரியிலே புகுமுக வகுப்பு. பதினாறு வயதில் நானும் அவ்வாறு கல்லூரி வாயிலை மிதித்தவனே. வாயில் திறந்திருந்தது, உள்ளே நடந்த பாடந்தான் விளங்கவில்லை. நேற்றுவரை தமிழிற் படித்த பௌதிகம் இன்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. விடுதிக்கோ பணம் வேண்டும். ஓராண்டுக்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய தோழர் பலர்.

1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. கல்லூரியில் நடந்த வகுப்பு பள்ளிக்கே இறங்கி வந்தது எனலாம். வீட்டுச் சோற்றை உண்டு, தமிழிலேயே படித்து, அந்தப் படியைக் கடக்க முடிந்தது. பெண்பிள்ளைகளுக்கு இதனால் விளைந்த நன்மையை நாம் இன்னும் சரியாக மதிப்பிடவில்லை என்பது என் கருத்து.

அதற்கடுத்த படியையும் அரசு எளிதாக்க முயன்றிருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் படித்தோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கி 2020-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதுவரை விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே மருத்துவம் சேர்ந்த நிலை மாறி, அவ்வாண்டு மருத்துவத்திலும் பல் மருத்துவத்திலுமாகச் சுமார் 400 இடங்கள் அவர்களுக்குரியவாயின. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றிற்கும் இவ்வொதுக்கீடு விரிந்தது. 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையோடு தொடங்கப்பெற்றன.

பணத்தடை இவ்வாறு ஓரளவு குறைந்தாலும் மற்றொரு தடை உண்டு. இன்ன படிப்பு இருக்கிறது என்று பிள்ளையிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லாமையே அது. இதில் என் குற்றமும் உண்டு, மறைப்பானேன்?

1998-இல் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தான், மண்பாண்டம் வனையும் குடும்பத்துப் பையன் ஒருவன். ஒருபிடி மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்து, இது சூளையில் வெடிக்கும், இது நிற்கும் என்று சொல்லிவிடுவான். கணக்கில் மட்டும் சற்றுத் தடுமாறுவான். தேர்வு எழுதியதும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டான். சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவில், விருத்தாசலத்தில், பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுப் பயிலகம் இருப்பதை நான் அறிவேன். பத்தாம் வகுப்புத் தேறியவர் அதிற் சேரலாம். பட்டயம் பெற்றபின் பொறியியற் படிப்பில் நேரே இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலே பீங்கான் தொழில்நுட்பத்திற்குப் பட்டப் படிப்பே உண்டு. பதினைந்து வயதிற் கல்லூரி வாழ்வு தொடங்க அவனைப் போன்றவனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? மதிப்பெண் பட்டியலைப் பார்த்த நான் அவன் விரல்களைப் பார்க்கவில்லை.

பல்லாண்டு கழித்து வேப்பூர்ச் சந்தையில் எதிர்ப்பட்டான். வணங்கி நலம் விசாரித்துவிட்டு, "ஐயா, மண்ணுக்கும் படிப்பு உண்டாமே, அப்போது எனக்கு நீங்கள் சொல்லவில்லையே?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதேனும் சமாதானம் சொல்லியிருப்பேன்.

ஆகவே மாணவர்களே, உங்கள் ஆசிரியரை நீங்களே சென்று கேளுங்கள். கலைக் கல்லூரி எங்கே, பயிலகம் எங்கே, விண்ணப்பம் எந்நாள் முடிகிறது என்று விடாது கேளுங்கள். எந்த வகுப்புகளை அரசுப் பள்ளியிற் படித்தீர்கள் என்பதற்குரிய சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் அதைத் தேடி ஓடிய பெற்றோர் பலரை நான் கண்டிருக்கிறேன்.

அவனுடைய மகள் இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பிற் படிக்கிறாள். விடுமுறை விட்டதும் தந்தையையும் மகளையும் விருத்தாசலத்திற்கு அழைத்துச் சென்று அந்தப் பயிலகத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.