ஒரு முன்னணி ஆட்டக்காரரின் வாழ்க்கை



நான் தலைமையாசிரியராய் இருந்த காலத்தில், மாலை மணி அடித்தபின் விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அமர்வது வழக்கம். ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், பந்தைக் கையில் ஏந்தியபடியே என்னிடம் வந்து, "ஐயா, முப்பது வயதுக்குமேல் கால் ஓயாதா? ஓய்ந்தபின் ஆட்டக்காரன் என்ன செய்வான்?" என்று கேட்டான். கேட்கப்படும் வினாவுக்கு உதாரணத்தால் விடை கூறுக என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். என்னிடம் அன்று உதாரணம் இல்லை. "முதலில் பாடத்தைப் படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவனுக்குச் சொல்லத் தவறிய விடையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

இங்கிலாந்தில் இரும்பு வேலைக்குப் பெயர்பெற்ற கிராட்லி என்னும் ஊரில், 1874ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 20ஆம் நாள் ஸ்டீவ் புளூமர் பிறந்தார். அவர் சிறுவராய் இருக்கும்போதே குடும்பம் டார்பி நகருக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் தாமும் இரும்புப் பட்டறையில் உழைத்தார். 1892இல் டார்பி கவுண்டி என்னும் கழகம் அவரை ஊதியத்துக்கு அமர்த்தியது. தொடக்கத்தில் கிடைத்தது வாரத்துக்கு ஏழரை ஷில்லிங்!

ஆளைப் பார்த்தால் வீரர் என்று சொல்லத் தோன்றாது. வெளிறிய முகம், மெலிந்த உடல். அக்காலத்தில் ஓர் அணியின் முன்வரிசையில் ஐவர் நிற்பார்கள். நடுவில் நிற்பவருக்கும் வலக்கோடியில் ஓடுபவருக்கும் இடையே உள்ள இடம் புளூமருடையது. பந்து காலுக்கு வந்தவுடன், அதை நிறுத்திப் பார்க்காமலே, தரையை ஒட்டித் தாழ்வாக அடித்துவிடுவார். இரு கால்களாலும் அடிப்பார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று நீங்கள் அறிந்திருக்கும் ஆஃப்சைடு விதி வேறு. அன்றைய விதி வேறு. முன்னே நிற்பவருக்குப் பந்தைத் தட்டும்போது, அவருக்கும் எதிரியின் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருக்கவேண்டும் என்பது அன்றைய சட்டம். 1925இல்தான் மூவர் என்பது இருவர் ஆயிற்று. ஆகவே ஆஃப்சைடில் சிக்காமல் முன்னேறுவது அன்று இன்றைவிட அரிய செயல். அந்தச் சட்டத்தின் கீழேதான் புளூமர் முதல் பிரிவுப் பந்தயங்களில் 300க்கு மேற்பட்ட கோல்களை அடித்தார்.

இங்கிலாந்து நாட்டு அணிக்காக 1895இல் அயர்லாந்தை எதிர்த்து முதன்முதலாக ஆடியபோதே இரண்டு கோல்கள். மறு ஆண்டு கார்டிஃப் நகரில் வேல்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து! 1907இல் தம் கடைசிச் சர்வதேச ஆட்டத்தை ஆடி முடித்தபோது, 23 ஆட்டங்களில் 28 கோல்கள் என்பது அவர் கணக்கு. 1911இல் அந்த எண்ணிக்கையைக் கடந்தவர் விவியன் உட்வர்டு. அவரோ கட்டடக்கலைஞர், ஊதியம் பெறாமல் ஆடியவர். புளூமருக்கு ஆட்டமே தொழில்.

அந்தத் தொழிலின் நிலை என்ன? வாரத்துக்கு நான்கு பவுனுக்குமேல் எந்த ஆட்டக்காரருக்கும் தரலாகாது என்று 1901இல் விதி வகுத்தார்கள். கழகத்தின் இசைவின்றி வேறு கழகத்துக்குப் போகவும் முடியாது. 1906இல் டார்பி கழகம் பணமுடையால் புளூமரை 750 பவுனுக்கு மிடில்ஸ்பரோ கழகத்துக்கு விற்றது. 'விற்றது' என்றே சொல்கிறேன். அதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பணம் போய்ச் சேர்ந்தது கழகத்தின் பெட்டிக்கு. மறு ஆண்டே டார்பி அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1910இல் அவரைத் திரும்ப அழைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 36. பழைய மனக்கசப்பைப் பாராட்டாமல் வந்தார். 1912இல் இரண்டாம் பிரிவில் அணி முதலிடம் பெற்றது.

நாற்பதாம் வயதில், 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆட்டத்தை விட்டார். மாணவன் கேட்ட கேள்வி இங்கேதான் எழுகிறது. பிறருக்குக் கற்றுக்கொடுப்பது என்று புளூமர் தீர்மானித்தார். பெர்லின் நகரின் பிரிட்டானியா கழகம் பயிற்சியாளராக அழைக்க, ஜூலை மாதம் ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். மூன்றே வாரங்களில் போர் மூண்டது! நவம்பரில் ஜெர்மன் அரசு பிரிட்டிஷ் ஆடவரைச் சிறைபிடித்து ரூலெபன் என்னும் இடத்தில் அடைத்தது. அது ஒரு குதிரைப் பந்தயத் திடல். குதிரைகள் நின்ற கொட்டடிகளில் மனிதர்கள் படுத்தார்கள். ஏறத்தாழ நாலாயிரம் பேர். குளிர், பசி, எப்போது விடுதலை என்று தெரியாத ஏக்கம்.

அங்கே அவர்கள் சோர்ந்து கிடந்துவிடவில்லை. கால்பந்துச் சங்கம் ஒன்றை அமைத்து, கொட்டடிக்கு ஓர் அணியாகப் பந்தயம் நடத்தினார்கள். புளூமரைப் போலவே நாட்டு அணிகளுக்கு ஆடிய வேறு சிலரும் அங்கே அகப்பட்டிருந்தனர். கிரிக்கெட்டும் நடந்தது. சிறைக்குள்ளேயே பள்ளியும் நடந்தது. பின்னாளில் நியூட்ரானைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் சாட்விக் அப்போது அங்கே ஓர் இளங்கைதி. கடையில் விற்ற கதிரியக்கப் பற்பசையை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தார் என்றால் நம்புவீர்களா? விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். நான் மீண்டும் மைதானத்துக்கு வருகிறேன்.

1918இல் புளூமர் அங்கிருந்து நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். நாடு திரும்பியபோது அவருக்கு வயது நாற்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வேலையைப் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. 1923இல் ஸ்பெயின் நாட்டின் எல்லைப்புறத்தில் உள்ள இரூன் என்ற சிற்றூருக்குச் சென்று, ரியால் யூனியன் அணிக்குப் பயிற்சியாளரானார். மறு ஆண்டு அந்தச் சிற்றூர் அணி, ஸ்பெயின் அரசர் கோப்பைப் போட்டியில் பார்சிலோனாவை வென்று, இறுதி ஆட்டத்தில் மாட்ரிட் அணியை ஒரு கோலால் தோற்கடித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தின் சங்கக் கோப்பை புளூமரின் கைக்கு எட்டவே இல்லை. 1898, 1899 ஆகிய ஈராண்டும் இறுதி ஆட்டத்தில் ஆடித் தோற்றார். 1903 இறுதி ஆட்டத்தில் காயத்தால் ஆடவில்லை. தாய்நாட்டில் தம் காலால் வெல்லாத கோப்பையை, அயல்நாட்டில் பிறர் கால்களைக்கொண்டு வென்றார்.

1938 ஏப்ரலில் டார்பி நகரில் காலமானார். டார்பி கவுண்டி அந்தச் சங்கக் கோப்பையை 1946இல் வென்றது. 2009இல் அக்கழகத்தின் மைதானத்தில், அணியினர் அமரும் இடத்துக்கு அருகே, அவருடைய மார்பளவுச் சிலையை நிறுவினார்கள்.

அந்த மாணவன் இப்போது எங்கிருக்கிறான் என்று தெரியவில்லை. வானொலி கேட்கும் வழக்கம் அவனுக்கு இருக்குமானால், விடை சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரட்டும்.