காய்ச்சல் விட்ட நாளில் ஒரு துளி இரத்தம்



வைரஸ் கிருமிகளால் உண்டாகி, இரத்த நாளங்களைச் சீர்குலைத்து, சிலரை உதிரப்போக்கு வரையிலும் கொண்டுசெல்லும் ஜுரங்களை, வசதி குறைந்த ஊர்களில் விரைவாகவும் மலிவாகவும் கண்டறிவது எங்ஙனம் என்பதே இன்றைய விஷயம். மேற்கு ஆப்பிரிக்காவை 2014-இல் எபோலா வாட்டியபோது, மின்சாரமே வேண்டாது கால் மணி நேரத்தில் விடை கூறும் பரிசோதனைப் பட்டை ஒன்றுக்கு மறு வருஷமே உலக சுகாதார ஸ்தாபனம் அனுமதி அளித்தது. ஆனால் நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீர் வரும் நாளில் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் பிடித்து வைத்துப் புழங்கும் எங்கள் மதுரை ஆனையூர் போன்ற இடங்களில், அந்தத் தெளிந்த நீரிலேயே முட்டையிட்டுப் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு, டெங்குவை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விடுகிறது. 2017-ஆம் வருஷத்தில் மாத்திரம் தமிழ்நாட்டில் 23,000-க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர்.

ஜுரம் கண்ட முதல் ஐந்து நாட்களுக்குள் 'கார்டு டெஸ்ட்' செய்தால், கிருமி வெளியிடும் என்.எஸ்.1 என்னும் புரதம் அதில் கோடாகத் தெரியக்கூடும்; அதற்குப் பிறகு அந்தப் புரதம் மறைந்து எதிர்ப்பொருள்கள் தோன்றுவதால், ஆறாம் நாளில் கோடு விழவில்லை என்பதைக் கொண்டு டெங்கு இல்லை என்று நிம்மதி அடைதல் கூடாது. மேலும் நம்பகமான முடிவுக்கு அந்த எதிர்ப்பொருள்களைக் கண்டறியும் எலிசா பரிசோதனை வேண்டும். அதற்கான சாதனங்களைப் புனே தேசிய வைராலஜி நிலையம் தயாரித்து அரசாங்கப் பரிசோதனைக் கூடங்களுக்கு வழங்கி வருகிறது.

இவை யாவும் நோயின் பெயரைச் சொல்வன. நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதைச் சொல்லும் பரிசோதனை வேறொன்று உண்டு. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் பி.சி.வி. என்று அழைக்கப்படும் அதனிடத்தில் எனக்குத் தனிப்பற்று. விரல்நுனியில் எடுத்த குருதியை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, அடியை அடைத்து, நிமிஷத்துக்கு 10,000 தடவைக்கு மேல் சுழலும் சிறு இயந்திரத்தில் ஐந்து நிமிஷம் வைத்தால், சிவப்பணுக்கள் கீழே திரண்டு, தெளிந்த பிளாஸ்மா மேலே நிற்கும். சிவப்புப் பகுதி நூற்றுக்கு எத்தனை என்று அளந்துவிடலாம். டெங்குவின் உக்கிரத்தில் பிளாஸ்மா நாளங்களை விட்டுக் கசியும்போது, நீர் சுண்டச் சுண்டக் குழம்பு கெட்டிப்படுவதைப்போல் இரத்தம் கெட்டிப்படுகிறது. அந்த எண் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்துவிட்டால் அபாயம் நெருங்கிவிட்டது.

இங்கேதான் ஒரு சூட்சுமம். நம் குழந்தைகளில் பலர் இரத்தசோகை உடையவர்கள்; ஆகையால் அவர்களுக்கு அந்த எண் முன்பே தாழ்ந்திருக்கும். என்னிடம் அழைத்து வரப்பட்ட ஒரு சிறுமிக்கு ஜுரத்தின் மூன்றாம் நாளில் அந்த எண் 30. ஐந்தாம் நாள் உடம்பு குளிர்ந்திருக்கக் கண்டு, "காய்ச்சல் விட்டுருச்சுங்கய்யா, பள்ளிக்கூடம் அனுப்பலாமா?" என்று பாட்டி மகிழ்ச்சியோடு கேட்டார். மறுபடியும் பார்த்தோம், 37. தனித்துப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் உகந்த எண்ணே அது. மூன்றாம் நாளின் சீட்டு கையில் இருந்தமையாலேயே, அது நாலில் ஒரு பங்கு உயர்வுக்குச் சமீபம் என்று புலப்பட்டது. அன்று பகலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே அளந்து அளந்து சலைன் ஏற்ற, குழந்தை தேறிவிட்டாள்.

தாய்மார்களே, ஜுரம் தணியும் அந்த ஓரிரு நாட்களிலேதான் இக்கசிவு மிகும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இவற்றில் எது கண்டாலும் தாமதியாதீர்கள். ஆஸ்பிரின், புரூபென் போன்றவற்றை நீங்களாகக் கொடுத்துவிடவும் வேண்டாம். வருவோரெல்லாம் "பிளேட்லெட் எத்தனை?" என்று மட்டும் வினவுகிறார்கள், பி.சி.வி. எத்தனை என்பதையும் கேளுங்கள், தேதியோடு எழுதி வாங்குங்கள், அடுத்த முறை அந்தச் சீட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.

 விலை அதிகமில்லாத அந்தச் சுழல் இயந்திரம் நம் சுற்றுவட்டாரத்துச் சிறிய மருத்துவ நிலையங்களிலும் இருந்து, மழைக்காலத்தில் இரவிலும் அதை இயக்க ஓர் ஆள் இருக்கும் காலம் சீக்கிரம் வரும் என்று நம்புகிறேன்.