தலைமைக்கு ஒரு விண்ணப்பம்

சித்தூரிலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், பாகுதா ஆற்றங்கரையில் காணிப்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது. கிணற்றினுள் தானாகத் தோன்றியவர் என்று மக்கள் போற்றும் வரசித்தி விநாயகர் அங்கே கோயில் கொண்டிருக்கிறார். ஊர் ஆந்திரப் பிரதேசத்தில் இருந்தாலும், அதன் பெயரில் உள்ள காணியும் பாக்கமும் நமக்குப் பழகிய சொற்களே. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், படாஸ்கர் தீர்ப்பின்படி எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்தைச் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. எங்கள் குடும்பமும் சித்தூரிலேயே நின்றுவிட்டது. ஆகவே, இன்று தில்லியில் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் நான், பிறக்கும்போதே வெளிமாநிலத் தமிழர்களில் ஒருத்தியாகப் பிறந்தவள். உங்களில் பலரும் அப்படிப்பட்டவர்களாகவே இருக்கக்கூடும்.

சென்ற விடுமுறையில் காணிப்பாக்கத்துக்குச் சென்றிருந்தேன். என்னுடன் வந்தவர் என் கல்லூரித் தோழி. திருப்பதியில் பேராசிரியையாக இருப்பவர். அவருடைய கைப்பையில் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு தாள்கள் இருந்தன. பல்கலைக் கழகப் பட்டம் பெற்ற பெண்களின் உலக அமைப்பு ஒன்றில் நிர்வாகப் பொறுப்புக்குப் போட்டியிட விரும்புவோர், தம் தகுதியையும் நோக்கத்தையும் எழுதி, முதலில் தம் நாட்டுச் சங்கத்திடம் கொடுக்க வேண்டும். அச்சங்கம் முன்மொழிந்தால்தான் பெயர் உலக மன்றத்துக்குப் போகும். "நீ மொழியோடு பிழைப்பவள், இதைச் சற்றுத் திருத்திக் கொடு" என்று கேட்டுத்தான் அவர் என்னைத் துணைக்கு அழைத்திருந்தார்.

குளக்கரையில் அமர்ந்து அத்தாள்களைப் படித்தேன். பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எழுதியவரையும் காணவில்லை. "மாணவியருக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்யப்பட்டது", "பல முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன", "உதவித் தொகைக்கு வழி காணப்பட்டது" என்றே வாக்கியங்கள் சென்றன. விடுதியில் இடம் கிடைக்காத கிராமத்துப் பெண்களுக்காக வீடு வீடாக அலைந்து, வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, முன்பணத்தையும் தம் சம்பளத்திலிருந்து கொடுத்தவர் இவர். எனக்கு அது நேரில் தெரியும். "யார் செய்தது இதையெல்லாம்?" என்று கேட்டேன். "நான்தான். ஆனால் அப்படி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தகுதி இருந்தால் பிறர் சொல்லமாட்டார்களா?" என்றார்.

அன்பர்களே, இந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஏனென்றால் அது என் தோழி ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

அவர் நாடிய இயக்கத்தின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1918-ஆம் ஆண்டில், முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில், பிரிட்டனிலிருந்து ஒரு கல்வித் தூதுக் குழு அமெரிக்கா சென்றது. அதில் இருந்த பெண்கள் இருவர். ஒருவர் ஆங்கிலப் பேராசிரியை கரோலின் ஸ்பர்ஜியன். மற்றவர் ரோஸ் சிட்ஜ்விக். நியூயார்க் நகரத்துப் பர்னார்டு கல்லூரியின் தலைவியான வர்ஜினியா கில்டர்ஸ்லீவ் என்பாருடன் அவர்கள் கலந்து பேசினர். கற்ற பெண்கள் நாடு கடந்து ஒருவரையொருவர் அறிந்தால், மற்றொரு போரைத் தடுக்க அது ஒரு சிறு துணையாகும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வாண்டு இறுதியில் நியூயார்க்கிலேயே சிட்ஜ்விக் அம்மையார் விஷக் காய்ச்சலுக்கு இரையானார். எஞ்சிய இருவரும் அந்த எண்ணத்தைக் கைவிடவில்லை. 1919-இல் அகில உலகப் பல்கலைக் கழக மாதர் சம்மேளனம் தோன்றியது. 1920-இல் லண்டனில் முதல் மாநாடு கூடியது. ஸ்பர்ஜியன் முதல் தலைவியானார். கில்டர்ஸ்லீவ் அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றார். மேரி கியூரி அம்மையாரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய நார்வே நாட்டு வேதியியல் அறிஞர் எல்லன் கிளெடிட்ஷ், நெதர்லாந்தின் முதல் பெண் பேராசிரியரான தாவர நோயியல் அறிஞர் யோகன்னா வெஸ்டர்டைக் ஆகியோரும் பின்னர்த் தலைமை ஏற்றனர். 1930-களில் ஹிட்லரின் ஆட்சி யூதப் பெண் அறிஞர்களை வேலையிலிருந்து விரட்டியபோது, வேற்று நாடுகளில் அவர்களுக்கு உறைவிடமும் பணியும் தேடித் தந்தவர்களுள் இச்சம்மேளனத்தாரும் இருந்தனர். 2015-இல் அமைப்பின் ஆங்கிலப் பெயர் மாறியது. பட்டதாரிப் பெண்களின் பன்னாட்டு அமைப்பு என்று இப்போது அதைச் சொல்லலாம். அதன் தலைமையகம் ஜெனீவாவில் உள்ளது.

இத்தகைய மன்றத்தில் இடம் கேட்க நம் நாட்டுப் பெண்கள் தயங்க வேண்டிய காரணம் உண்டா? 1883-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் காதம்பினியும் சந்திரமுகி போஸும் பட்டம் பெற்றுவிட்டனர். ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கியது 1920-இல். கேம்பிரிட்ஜ் அவர்களுக்கு முழு உரிமை தந்தது 1948-இல். சென்னையில் இராணி மேரிக் கல்லூரி 1914-இலும், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி 1915-இலும் தோன்றின. திருப்பதியில் பத்மாவதி அம்மையின் பெயரால் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக் கழகம் 1983-இல் எழுந்தது. பட்டத்துக்குக் குறைவில்லை. பட்டம் பெற்றவள் அவையில் எழுந்து "இப்பொறுப்பை எனக்குத் தாருங்கள்" என்று கேட்பதற்குத்தான் நாம் இன்னும் பழகவில்லை.

தமிழ்ப் பண்பு தற்புகழ்ச்சியை விலக்குகிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். எத்தனை துறை கற்றுத் தேர்ந்தாலும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் விதித்தார். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களுக்கு விலக்குத் தந்தார். அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த காலையிலும் புலவன் தன்னைப் புகழ்ந்து கூறலாம் என்பது அவர் கருத்து. என் தோழி எழுதிய தாள்களை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஓர் அவைக்கு எழுதும் ஓலை. படிக்கப் போகிறவர்களோ அவரை அறியாதவர்கள். நான்கில் இரண்டு இடங்கள் பொருந்திவிட்டன! விதியை மனப்பாடம் செய்த நாம், விலக்கை மறந்துவிட்டோம்.

சித்தூர் மண்ணுக்கே உரிய ஒரு சான்றும் உண்டு. அயர்லாந்தில் இசைப் பட்டம் பெற்ற மார்கரெட் கசின்ஸ் அம்மையார், 1915-இல் இந்தியா வந்து, பின்னர்த் தம் கணவரோடு மதனப்பள்ளியில் வாழ்ந்தார். அவ்வூர் அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 1926-இல் கல்கத்தாவின் பெத்யூன் கல்லூரியில் வங்காளத்துக் கல்வி அதிகாரி ஒருவர், பெண்கள் தமக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்பதை ஒரே குரலில் கேட்க வேண்டும், கிடைக்கும்வரை கேட்க வேண்டும் என்று பேசினார். அச்செய்தியைப் பற்றிக்கொண்ட கசின்ஸ் அம்மையார் நாடெங்கும் உள்ள பெண்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். விளைவாக, 1927 ஜனவரியில் பூனாவில் அகில இந்திய மாதர் மாநாடு முதன்முறையாகக் கூடியது. தலைமை வகித்தவர் பரோடா மகாராணி சிம்னாபாய். அழைப்பு விடுத்த கசின்ஸ் அம்மையார் அத்தலைமையை ஏற்றது 1936-இல்தான். பிறருக்கு இடம்விட்டு நிற்கத் தெரிந்தவர் அவர். தம் முறை வந்தபோது பின்வாங்காதவரும் அவரே.

அதே காலத்தில் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டசபைக்கு நியமனம் பெற்று, 1927-இல் அதன் உபதலைவரானார். மருத்துவத் தொழிலை விட்டு அரசியல் மன்றத்துக்குப் போவதா என்ற தயக்கம் அவருக்கும் இருந்தது. தயங்கியும் ஏற்றார். ஏற்றதனால்தான் பொட்டுக் கட்டும் வழக்கத்துக்கு எதிராக அந்த மன்றத்திலேயே நின்று வாதாட அவரால் முடிந்தது. 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது, கண்டனமாக அப்பதவியைத் துறந்தார். ஏற்காத பதவியைத் துறந்து கண்டனம் காட்ட ஒருவராலும் முடியாது அல்லவா?

இங்கே என் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு மாநிலத்தில் பணியாற்றியபோது, பட்டதாரிப் பெண்களின் சிறு வட்டம் ஒன்றில் உறுப்பினளாக இருந்தேன். வீட்டு வேலை செய்யும் தமிழ்ப் பெண்களின் குழந்தைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினோம். செயலாளர் பதவி காலியாயிற்று. "யாராவது முன்வருகிறீர்களா?" என்று தலைவி கேட்டார். எனக்கு விருப்பம் இருந்தது. வகுப்பின் கணக்கும் வழக்கும் அத்துபடி. ஆயினும், பிறர் என் பெயரைச் சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஒருவரும் சொல்லவில்லை. நான் விரும்பவில்லை என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்! பொறுப்பை ஏற்ற அம்மையார் நல்லவர். ஆனால் அவருக்கு அந்த வகுப்பில் ஈடுபாடு இல்லை. ஓராண்டுக்குள் வகுப்பு நின்றது. கடைசி நாளில் ஒரு சிறுமி தன் சிலேட்டை எங்கே கொடுக்க வேண்டும் என்று என்னைக் கேட்டாள். என் மௌனத்தை நான் அதுவரை பணிவு என்றே நம்பியிருந்தேன். அதற்குரிய விலையை அந்தச் சிறுமி கொடுத்தாள்.

மீண்டும் காணிப்பாக்கத்துக்கு வருவோம். பிரமாணம் செய்வதற்குப் பெயர் பெற்ற தலம் அது. வழக்கில் சிக்கியவர்களும், மதுவை விட்டுவிட உறுதி கொண்டவர்களும் குளத்தில் நீராடி, ஈரத்துணியோடு விநாயகர் முன் நின்று சத்தியம் செய்வார்கள். அன்றும் ஒருவர், மனைவி அருகில் நிற்க, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். அவர் போன பின்பு, எங்களோடு வந்திருந்த என் தோழியின் தாயார் சொன்னார்: "ஏன் அம்மா, இந்தச் சந்நிதியில் வந்து 'குடிக்கப்படமாட்டாது' என்று யாராவது சொல்லுவார்களா? 'நான் குடிக்கமாட்டேன்' என்றால்தானே சாமிக்கே கேட்கும்!"

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் இத்தனை ஆண்டுகள் மொழிபெயர்ப்பு மேசையில் நான் காணாததை அந்த மூதாட்டி கண்டுவிட்டார். 'செய்தேன்' என்னும்போது ஏன் விகுதியே பேசுபவரைக் காட்டிவிடுகிறது. 'செய்யவில்லை' என்பதிலோ நானும் மறையலாம், நீயும் மறையலாம், ஊரே மறையலாம். ஆகவேதான் சத்தியம் செய்பவர் 'நான்' என்பதைத் தனியே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த 'நான்' அகந்தைச் சொல்லன்று. "தவறினால் என்னைக் கேளுங்கள்" என்று தன்னைப் பிணை வைக்கும் சொல். தலைமைக்கு எழுதும் விண்ணப்பமும் ஒரு பிரமாணமே. நான் இன்னது செய்தேன் என்பது அதன் முற்பகுதி. நான் இன்னது செய்வேன் என்பது பிற்பகுதி. செயப்பாட்டு வினையில் எழுதிய வாக்குறுதிக்கு எவரைப் பொறுப்பாளி ஆக்குவது?

அன்று மாலை திருப்பதி திரும்பியதும் அத்தாள்களை இருவருமாகத் திருத்தினோம். 'செய்யப்பட்டது' என்று வந்த இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரித்தோம். தாமே செய்ததை 'நான்' என்றும், துணைவர்களோடு செய்ததை 'நாங்கள்' என்றும் அவர் பிரித்தார். பிறர் செய்த சில காரியங்களை நீக்கியும் விட்டார். சிறப்புச் சொற்களை எடுத்துவிட்டுச் செயலை மட்டும் நிறுத்தினோம். மூன்றாண்டில் முடிக்கக் கூடியவை என்று இரண்டே வாக்குறுதிகள் எஞ்சின. தாள் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. தன்னைப் பற்றி நேராக எழுதினால் பெருமை பெருகும் என்று அஞ்சியவர், அது சுருங்கியதைக் கண்டு வியந்தார்.

அம்முறை நாட்டுச் சங்கம் வேறொருவரை முன்மொழிந்தது. செய்தியைத் தொலைபேசியில் சொன்ன என் தோழியின் குரலில் வருத்தம் இருந்தது, வெட்கம் இல்லை. "அடுத்த முறையும் எழுதுவேன், தங்குமிடத்துக்கு இன்னொரு வீடு பார்த்துவிட்டேன், அதையும் சேர்த்து எழுதுவேன்" என்றார். 'எழுதுவேன்' என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் சகோதரிகளே, நீங்கள் இருக்கும் ஊரில் ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கலாம். மாதர் மன்றமோ பள்ளிக் குழுவோ இருக்கலாம். நம்மை அறியாதார் நடுவில் வாழும் நமக்குப் பவணந்தியார் தந்த விலக்கு இருமடங்கு பொருந்தும். உங்களால் இயன்ற பொறுப்பு காலியானால், பிறர் வாயை எதிர்பார்த்து நிற்காதீர்கள். செய்ததையும் செய்யப் போவதையும் நேரே சொல்லிக் கேளுங்கள். கொடுப்பதும் மறுப்பதும் அவையின் உரிமை. கேட்பது நம் கடமை.

தில்லி திரும்பியதும் நானும் எங்கள் குடியிருப்பு மாதர் மன்றத்தின் செயலாளர் பொறுப்புக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மாலை வகுப்பு ஒன்று தொடங்குவேன் என்பது அதிலுள்ள ஒரே வாக்குறுதி. கடிதத்தின் முதற் சொல், 'நான்'.