நாலு பேர் செஞ்சா நாமும் செய்யணுமா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

மூணு வருசத்துக்கு முன்னாடி எங்க ஊருக்கு ஒருத்தர் தீபாவளிச் சீட்டுன்னு வந்தார். மாசம் 1000 ரூபாய், 12 மாசம் கட்டணும். முடிவில் பாத்திரம், பட்டாசு, ஒரு கிராம் தங்கக் காசுன்னு சொன்னார். எங்க குழுவில் 12 பேர். அதில் 9 பேர் சேர்ந்தோம். பதினோரு மாசம் கட்டினோம். பன்னிரண்டாம் மாசம் அவர் போன் எடுக்கலை. 99,000 ரூபாய் போச்சு.

அன்னிக்கு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, "நீ யாரை நம்பிச் சேர்ந்தே?"ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டோம். நான் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைப் பார்த்துச் சேர்ந்தேன். பெரியம்மா மேலத்தெரு அக்காவைப் பார்த்துச் சேர்ந்தாங்க. அந்த அக்கா அழுதுக்கிட்டே, "நீதானே ஊக்குநர்? நீ சேரப்போறேன்னு கேள்விப்பட்டேன். விசாரிக்காமலா சேருவேன்னு நெனச்சேன்"னாங்க. எனக்குப் பேச்சு வரலை. ஒன்பது பேரில் ஒருத்தர்கூட விசாரிக்கலை. எல்லாரும் அடுத்தவங்க விசாரிச்சிருப்பாங்கன்னு இருந்துட்டோம். சீட்டு நடத்தினா பதிவு பண்ணணும்னு 1982லேயே சட்டம் வந்திருக்காம். அதுவே எங்களுக்குப் பிறகுதான் தெரிஞ்சது.

இதை எங்கம்மாகிட்ட சொன்னேன். அம்மாவுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். 1991ல் அங்க அறிவொளி இயக்கம் வந்தப்போ, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா பொம்பளைங்களை சைக்கிள் கத்துக்கச் சொன்னாங்க. கேலி பேசாத ஆள் இல்லை. ஆனாலும் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தின்னு ஆயிரக்கணக்கில் கத்துக்கிட்டாங்க. அம்மாவும் அப்படித்தான்.

"நீங்களும் பார்த்துத்தானே செஞ்சீங்க, உங்களுக்கு மட்டும் எப்படி நல்லதா முடிஞ்சது?"ன்னு கேட்டேன். அம்மா முழங்கால் தழும்பைக் காட்டி, "ஆசை அடுத்தவளைப் பார்த்து வந்ததுதான். ஆனா பெடலை நானே மிதிச்சேன், நானே விழுந்தேன்"னாங்க.

எனக்கு விசயம் அப்பதான் புரிஞ்சது. நாலு பேரைப் பார்த்து ஆசைப்படுறது தப்பில்லை. விசாரிக்கிற வேலையையும் அவங்க தலையில் கட்டுறதுதான் தப்பு.

இப்போ எங்க குழுவில் ஒரு பழக்கம் வச்சிருக்கோம். எதுவா இருந்தாலும், கடைசியா சேர்ந்த உறுப்பினர்தான் முதலில் பேசணும். ஊக்குநர் நான் கடைசியில்தான் வாய் திறப்பேன். போன மாசம் ஒரு வாரக் கடன்காரர் வந்தார். 40,000 ரூபாய் கடன், வாரம் 950, 52 வாரம். பாதிப் பேர் தலையாட்டிட்டோம். புதுசா வந்த பொண்ணு மட்டும், "மொத்தம் எவ்வளவு கட்டுவோம்?"னு கேட்டுச்சு. கணக்குப் போட்டா 49,400. அதுக்குப் பிறகு ஒருத்தரும் கையெழுத்துப் போடலை.

அந்தக் கேள்வியைக் கேட்க யாராவது ஒருத்தர் போதும். அந்த ஒருத்தர் நீங்களா இருங்க.