ஜலதோஷமும் நம் இல்லங்களும்
(தில்லித் தமிழ்க் குடும்பங்களின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தில்லியில் கார்த்திகை கழிந்துவிட்டால் நம் குடியிருப்பில் இருமல் ஒலி கேளாத இல்லம் அரிது. வெயிலில் பிறந்து வளர்ந்த நாம், இங்குள்ள மார்கழி இரவுகளைக் கண்டதும் குளிரையே குற்றவாளியாக்கிவிடுகின்றோம். 'தலைக்குக் குளித்தாய், தயிர் உண்டாய், காதை மூடாமல் வெளியே சென்றாய்; அதனால்தான் சளி பிடித்தது' என்பது நம் வீட்டுத் தீர்ப்பு. அத்தீர்ப்பைச் சற்றே ஆராய்வோம். நோயின் காரணத்தைத் தவறாகக் கொண்டால், நாம் வைக்கும் காவலும் தவறான வாயிலில் நிற்குமன்றோ?

ஜலதோஷத்தைத் தருவது வைரஸ் என்னும் நுண்கிருமி. அதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கு அருகே, 1946 முதல் 1990 வரை ஜலதோஷ ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் இயங்கியது. தாமாக முன்வந்த அன்பர்கள் சிலரை அங்கு நீராடச் செய்து, ஈரத்துடன் காற்று வீசும் நடையில் நிறுத்தினர். பின்னர் ஈரக் காலுறைகளையும் அணிந்திருக்கச் செய்தனர். அவ்வாறு நடுங்கியவர்களுக்கு மற்றவர்களைவிட மிகுதியாகச் சளி பிடிக்கவில்லை.

அங்ஙனமாயின் குளிர்காலத்தில் இந்நோய் பெருகுவானேன்? குளிருக்கு அஞ்சிக் கதவுகளை அடைத்து, அனைவரும் ஓர் அறையில் கூடுகின்றோம். வறண்ட குளிர்காற்றும் மூக்கின் உட்புறத்தை உலர்த்தி, அதன் இயற்கைக் காவலைத் தளர்த்துகின்றது. ஆதலின் குளிருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆயினும் கிருமியை ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சேர்ப்பது தும்மலும், இருமலும், மூக்கைத் துடைத்த கையுமே. கம்பளி உடலுக்கு இதம் தரும். கிருமிக்கு அது தடையன்று.

எனவே நம் காவல் கையிலிருந்து தொடங்க வேண்டும். வெளியிலிருந்து வந்ததும், உண்ணுமுன்னும், மூக்கைச் சிந்திய பின்னும் சோப்பிட்டு 20 விநாடி கை கழுவுதல் நலம். வீட்டுக்கு ஒரு துண்டு என்னும் வழக்கத்தை விட்டு, ஆளுக்கு ஒரு துண்டு வைத்துக்கொள்வோம். தும்மும்போது உள்ளங்கையால் மூடாமல் முழங்கையின் மடிப்பால் மூடுவோம். 2020ஆம் ஆண்டில் நாம் பழகிய முகக்கவசத்தைச் சளி பிடித்த நாட்களில் மீண்டும் அணிவதில் நாணம் வேண்டா. காலைப் புகைமூட்டம் விலகி வெயில் வந்தபின், சிறிது நேரமேனும் சன்னல்களைத் திறந்து வைப்போம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. குளிர் காய்வதற்காகக் கரி அங்கீட்டியை மூட்டி, கதவடைத்து உறங்குதல் கூடவே கூடாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை; மணமும் இல்லை. உறங்கியவர் விழிக்காமலே போவதுண்டு. சளிக்கு அஞ்சி உயிரை இழக்கலாமா?

இனி, வந்தபின் செய்வது யாது? 'மருந்து உண்டால் ஏழு நாள், உண்ணாவிட்டால் ஒரு வாரம்' என்று நம்மவர் வேடிக்கையாகச் சொல்வது பெரும்பாலும் உண்மையே. ஓய்வும், வெதுவெதுப்பான நீரும், மிளகு ரசமும், சுக்குக் கஷாயமும் கிருமியைக் கொல்லா. எனினும் தொண்டைக்கு இதமளித்து, நீரிழப்பையும் ஈடுசெய்யும். உப்பு நீரால் கொப்பளிப்பதும் நன்று. ஒரு வயது நிரம்பிய குழந்தைக்கு இருமல் தணியத் தேன் தரலாம். நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது. கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் சிறுவரைக் குனியவைத்து ஆவி பிடிப்பித்தலும், கைக்குழந்தையின் மார்பில் கற்பூரம் தடவுதலும் தீங்கு விளைவிக்கும்.

மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கேட்டு வாங்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அது பாக்டீரியாவை அழிக்கும், வைரஸை அழிக்காது. வீணே உண்டால், மெய்யாகவே தேவைப்படும் நாளில் அம்மருந்து பயன்படாமற் போகலாம். குழந்தைகளின் சளிமருந்திலோ இன்னும் மிகுந்த கவனம் வேண்டும். குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்கு உட்பட்டோருக்குத் தரலாகாதென 2023ஆம் ஆண்டில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது. 2025இல் மத்தியப் பிரதேசத்தில், நச்சுப்பொருள் கலந்த இருமல் மருந்தை அருந்திய குழந்தைகள் பலர் மாண்டனர். தானே தணியக்கூடிய ஒரு நோய்க்கு, மருத்துவரைக் கேளாமல் ஒரு புட்டியைத் திறப்பதற்குமுன் இதனை நினைவிற் கொள்வோம்.

பொறுத்திருத்தல் வேறு, பொருட்படுத்தாமை வேறு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பர். காய்ச்சல் மூன்று நாளைக் கடந்தால் மருத்துவரை நாடுக. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஒரு நாளும் காத்திராதீர். குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டுக்கு உட்பட்டதற்கு 50, ஐந்தாண்டுக்கு உட்பட்டதற்கு 40 என்னும் அளவை எட்டினாலோ, மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்புறம் உள்வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு விரைக. முதியோரும், இருதய நோய், நீரிழிவு, ஆஸ்துமா உடையோரும் குளிர்காலத்துக்கு முன்னரே மருத்துவரைக் கலந்து இன்ஃபுளுவென்சா தடுப்பூசி இட்டுக்கொள்வது நலம். அது ஜலதோஷத்தைத் தடுக்காது. அதனினும் கொடிய காய்ச்சலின் கடுமையைக் குறைக்கும்.

அன்பர்களே! ஊரையும் உறவையும் விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே உறவினர். ஒரு வீட்டில் நோயென்றால் கூடிச்சென்று நலம் கேட்பது நம் பண்பு. அப்பண்பை விடவேண்டா, முறையைச் சிறிது மாற்றிக்கொள்வோம். ரசத்தை வாசலில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் நலம் கேட்போம். சளி பிடித்தவர் பஜனைக்கோ ஒத்திகைக்கோ வராதிருந்தால் குறை கூறாதிருப்போம். குளிர்காலத்தைப் பேரப்பிள்ளைகளுடன் கழிக்க ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி பாட்டனார், தை பிறந்தபின் நலமாகவே ஊர் திரும்ப வேண்டும். அதற்கு அவர் ஒதுங்கியிருக்கும் அந்த ஒரு வாரமும் உதவுமன்றோ?