தீ மூண்ட பிறகு வரும் ஹெலிகாப்டர்

(ஆரியசாலையில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காட்டுத் தீயைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் சிரித்தார்கள். சாலைக் கம்போளத்தில் மூட்டை தூக்குகிறவனுக்குக் காட்டுத் தீ எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மூணாற்றுத் தோட்டத்திலும் போடி மலையடிவாரத்திலும் கொள்வினை கொடுப்பினை இல்லாத குடும்பம் இந்தக் கூட்டத்தில் எத்தனை?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போன சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கத்துப் பிள்ளைகள் தீயில் சிக்கினார்கள். மலையிலும் பிறகு ஆஸ்பத்திரிகளிலுமாக 23 பேர் மாண்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது, மந்திரிகள் வந்தார்கள். அதற்கு முன்னே மேலே ஓடியது யார்? குரங்கணி ஊர்ச் சனங்கள். போர்வையில் தூளி கட்டி, இருட்டில், வெந்த உடம்புகளைத் தோளில் சுமந்து இறக்கினார்கள்.

அந்த மலை நமக்கு அந்நியமல்ல. 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போகும்வரை மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயில் ஓடியது. அங்கிருந்து கொட்டகுடிக்கு இழுவைக் கம்பியில் தேயிலைப் பெட்டி இறங்கியது. ரயில்வேக்காரர்களான நாங்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. பெட்டிக்குக் கம்பி இருந்தது. தோட்டத்துக்கு ஏறிய நம் பாட்டன்மாருக்கு ஒற்றையடிப் பாதைதான்.

மலையில் தீயைத் தடுக்கும் வேலை தீப்பிடித்த பிறகு தொடங்குவதல்ல. தை மாதத்துக்குள் தீத்தடுப்புக் கோடு வெட்டவேண்டும்; அதாவது காய்ந்த புல்லையும் சருகையும் அகலமாகச் செதுக்கி, தீ தாண்ட முடியாதபடி வெறுந்தரையாக்க வேண்டும். சித்திரை தாண்டும்வரை வாட்சர்கள் காவல் நிற்கவேண்டும். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் கால் ஈடு கொடுக்காது. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்த தீயைச் செல்போனுக்குச் செய்தியாக அனுப்புகிறது. நல்லதுதான். செய்தி வந்ததும் பச்சைத் தழை ஒடித்து அடிக்க ஆள் வேண்டாமா?

அந்த ஆளுக்குத்தான் கூலி இல்லை. நமது உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் மூன்று மாதம் மலையில் வாட்சர் வேலை பார்த்தார். கூலி கைக்கு வந்தபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது. பூட்ஸ் கேட்டதற்கு, "ஃபண்டு வரட்டும்" என்றார்களாம்.

இந்த ஃபண்டின் கதையைப் பாருங்கள். காட்டுத் தீத் தடுப்புக்கென 2017-18 முதல் மத்திய சர்க்காரின் திட்டம் ஒன்று உண்டு. நம்மைப்போன்ற மாநிலங்களுக்கு நூற்றுக்கு 60 தில்லி, 40 மாநிலம். இரண்டு கையும் சேர்ந்து தட்டினால்தான் ஓசை. 2024இல் உத்தராகண்ட் எரிந்தபோது, 10 கோடி கேட்ட மாநிலத்துக்கு 3.15 கோடிதான் கிடைத்தது ஏன் என்று சுப்ரீம் கோர்ட்டே கேட்டது. தீக்காலத்தில் வனத்துறை ஊழியர்களைத் தேர்தல் வேலைக்கு அனுப்பியதையும் கண்டித்தது. மறு மாதம், ஜூன் 13 அன்று, அல்மோரா அருகே பின்சர் காட்டில் தீயணைக்கப் போன வன ஊழியர்கள் 4 பேர் அன்றே கருகினார்கள். அதே மாநிலத்தில் காட்டை வளர்க்க வைத்த நிதியிலிருந்து 13.86 கோடி வேறு செலவுக்குத் திருப்பப்பட்டதாகவும், அதில் ஐபோனும் ஃபிரிட்ஜும் வாங்கியதாகவும் 2025இல் வந்த தணிக்கை அறிக்கை சொல்கிறது. ஆக, பணமே இல்லை என்பது முழு உண்மையல்ல.

வடநாட்டுச் சங்கதி என்று தள்ளவேண்டாம். இதே கேரளத்தில், திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில், 2020 பிப்ரவரியில் தீயணைக்கப் போன 3 வாட்சர்கள் செத்தார்கள். 2024 மார்ச்சில் குன்னூரில் தீ பல நாள் எரிந்தது. ஹெலிகாப்டர் வாளி கட்டி 16,000 லிட்டர் தண்ணீர் கொட்டியது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் ஹெலிகாப்டர் பறக்கும் ஒரு நாள் செலவில் எத்தனை வாட்சருக்கு எத்தனை மாதக் கூலி கொடுக்கலாம் என்று எந்த அதிகாரியாவது கணக்குப் போட்டுக் காட்டட்டும்.

இரண்டு மாநில சர்க்காருக்கும் மனு தயாராகியிருக்கிறது. மார்கழிக்குள் ஆள் எடுக்கவேண்டும், மாதாமாதம் கூலி, பூட்ஸ், இன்சூரன்ஸ், இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். மேசையில் மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று இருக்கிறது. இரண்டிலும் கையெழுத்துப் போடுங்கள். சொந்தத்தில் யாராவது வாட்சர் வேலைக்குப் போயிருந்தால், எந்த மாதக் கூலி பாக்கி என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். கூட்டம் கலைந்த பிறகும் ஒரு மணி நேரம் இங்கேதான் இருப்போம்.