காலி நிலத்தில் கேரவன் பூங்கா

ஜெகதளாவில் நம் வக்ஃபு நிலத்தைக் கேரவன் பூங்காவாக்க, வாகமனில் 2022இல் தொடங்கியதைக் காட்டி, 99 ஆண்டுக் குத்தகை கேட்கிறார்கள். 30 ஆண்டுக்கு மேற்பட்ட வக்ஃபு குத்தகை சட்டப்படி செல்லாது. வருமானம் தேடுவது தவறல்ல. கைபர் நிலத்தை வக்ஃபு செய்த உமர் (ரலி) அவர்கள் அதன் விளைச்சலைத்தானே ஏழைகளுக்கு ஒதுக்கினார்கள்!

சக்கரத்தில் நிற்கும் வீட்டுக்கு அஸ்திவாரம் வேண்டாமாம். சமதளம் வேண்டுமே! மலையில் அதற்குச் சரிவைத்தான் வெட்டவேண்டும். 2009 நவம்பர் மழையிலும் மண்சரிவிலும் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கழிவுநீரோ கீழ்வீடுகளின் ஊற்றுக்கே இறங்கும்.

சரிவை வெட்டாமல், மூடிய கழிவுத்தொட்டியுடன், நான்கே வண்டிகள், வாரிய அனுமதியுடன் குறுகியகாலக் குத்தகை: வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் முடிவெடுப்போம், இன்ஷா அல்லாஹ்.